விடிவெள்ளிக்கு என்ன நிறம்?

உபாத்தியாயர் கையில் சிவப்பு மசிப் பேனா ஏறிவிட்டால் அவருக்கு ஒரு தனி அதிகாரம் வந்துவிடுகிறது. அந்த அதிகாரத்தில் நாம் செய்த பிழை ஒன்றை நேயர்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. பிழையின் பெறுமானம் என்னவோ இரண்டே மார்க்குத்தான். ஆனால் அதைத் திருத்திக்கொள்ளப் புறப்பட்டதில், நவக்கிரக சந்நிதியிலிருந்து செவ்வாய் மண்டலம் வரையில் அலைந்துவிட்டு வரவேண்டியதாயிற்று.

காலாண்டுப் பரீட்சையில் சூரிய மண்டலத்தை வரைந்து வர்ணம் தீட்டும்படி ஒரு கேள்வி கொடுத்திருந்தோம். பத்து மார்க்கு. வந்த விடைத்தாள்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் வெள்ளிக் கிரகம் நெருப்புத் துண்டம் போல ஆரஞ்சு நிறத்தில் ஜொலித்தது. வகுப்புச் சுவரில் தொங்கும் பெரிய படத்தில் அது அப்படித்தான் இருக்கிறது. ஒரே ஒரு பெண்ணின் தாளில் மட்டும் வெள்ளிக்கு உரிய வட்டம் வெறும் காகிதமாக நின்றது. நேரம் போதவில்லை போலும் என்று எண்ணி, “வர்ணம் தீட்டவில்லை” என்று பக்கத்தில் எழுதி இரண்டு மார்க்கைக் குறைத்துவிட்டோம்.

தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று அந்தப் பெண் மேஜையருகில் வந்து நின்றாள். யானைமலைக்கு அப்பால், மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள், அதிகம் பேசாதவள்.

“தீட்டாம விடலை, ஸார். அதோட நிறமே அதுதான்.”

“எது?”

“வெள்ளை. விடியக்காலம் அப்பாகூட மாட்டுத் தொழுவத்துக்குப் போறப்போ தினமும் பார்க்கிறேன். விடிவெள்ளி வெள்ளையாத்தானே ஸார் இருக்கு?”

“இதோ பார், அம்மா. சுவரிலே இருப்பது விஞ்ஞானிகள் எடுத்த படம். நாம் கண்ணால் பார்ப்பதெல்லாம் சரியாக இருக்குமா?” என்றோம்.

அவள் படத்தைப் பார்த்தாள், நம்மைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் தன் இடத்துக்குப் போய்விட்டாள். எதிர்த்துப் பேசியிருந்தால் நமக்கு அவ்வளவு சங்கடம் இருந்திராது. தினமும் கண்ணால் கண்டதை, ஒரு காகிதத்தின் முன்னால் அவள் மடக்கி வைத்துக்கொண்டு போனாளே, அதுதான் உறுத்திற்று.

மறுநாள் நாலரை மணிக்கு எழுந்து மாடிக்குப் போனோம். பட்டம் பெற்று, இருபது வருஷத்துக்கு மேல் பாடம் சொல்லிக் கொடுத்து, இந்தக் கிரகத்தைப் பற்றி எத்தனையோ தடவை கரும்பலகையில் எழுதிய நாம், அதை நிமிர்ந்து பார்த்து எத்தனை வருஷமாயிற்று என்று கணக்குப் போட்டால் வெட்கமாயிருந்தது. கீழே வீதியில் மல்லிகை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வண்டிகள் பூமார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. நகரத்து விளக்குகளின் மங்கல் வெளிச்சம் ஆகாயத்தில் பாதியை விழுங்கியிருந்தது. அதையும் மீறிக்கொண்டு கீழ்வானத்தில் வெள்ளி நின்றது. வைரம் போல வெள்ளை வெளேரென்று! ஆரஞ்சு என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

யோசித்துப் பார்த்தால், நம் முன்னோர் அதற்கு வைத்த பெயரே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. வெள்ளியை வெள்ளி என்றும், சிவந்ததைச் செவ்வாய் என்றும் அவர்கள் அழைத்தது படத்தைப் பார்த்து அல்ல. வியாழனுக்குப் பொன் என்றும் சனிக்குக் காரி என்றும் பழைய நிகண்டுகளில் பெயர் உண்டு. காரி என்றால் கரியது. சனி கறுப்பு இல்லை, வெளிறிய மஞ்சள்தான். வெள்ளிக்கும் வியாழனுக்கும் பக்கத்தில் மங்கித் தெரிவதைக் கருதி அப்படிச் சொன்னார்கள் என்று கொள்ளலாம். மற்ற மூன்று பெயர்களும் இன்றைக்கும் கண்ணால் பார்த்துச் சரி சொல்லத் தக்கவை.

“கோயிலில் மட்டும் என்னவாம்? அங்கே சூரியனுக்குச் சிவப்பு வஸ்திரம், புதனுக்குப் பச்சை, சனிக்குக் கறுப்பு என்று சாத்தவில்லையா? அதுவும் தப்புத்தானே?” என்று ஒரு நண்பர் நம்மை மடக்கினார். நாம் அப்படி நினைக்கவில்லை. மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலில் நவக்கிரகங்களைச் சுற்றி வருகிற பாட்டி, புதன் மண்டலத்தின் மண் பச்சை நிறம் என்று ஒருநாளும் சாதித்ததில்லை. அந்தப் பச்சை ஒரு பாஷை; தேவதைக்கும் தானியத்துக்கும் ரத்தினத்துக்கும் முடிச்சுப் போடுகிற பாஷை. சித்திரைத் திருவிழாவில் அழகர் என்ன நிறப் பட்டு உடுத்து வைகையில் இறங்குகிறார் என்று ஜனங்கள் ராத்திரி முழுவதும் விழித்திருந்து பார்க்கிறார்கள். பச்சைப் பட்டு என்றால் அந்த வருஷம் விளைச்சல் செழிக்கும் என்று மகிழ்கிறார்கள். பட்டு என்பது பட்டுத்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். வகுப்புச் சுவரில் தொங்கும் படம் அப்படிப்பட்டதல்ல. அது தன்னைப் போட்டோ என்று சொல்லிக்கொள்கிறது. ஆகையால் அதைத்தான் விசாரிக்க வேண்டும்.

விசாரித்தோம். முதலில் வெள்ளி.

வெள்ளியைச் சுற்றிலும் இடைவெளியே இல்லாமல் மேகம். நம்முடைய மழை மேகம் அன்று. கந்தக அமிலத் துளிகளால் ஆனது. தன்மேல் விழும் சூரிய வெளிச்சத்தில் முக்கால் பங்கை அது திருப்பி அனுப்பிவிடுகிறது. அதனால்தான் அந்தப் பிரகாசம். அதனால்தான் அந்த வெண்மை. பக்கத்தில் போய்ப் பார்த்தாலும், லேசாக மஞ்சள் கலந்த வெண்மையாக, ஏறக்குறைய ஒரு தழும்புமில்லாத உருண்டையாகவே தெரியும்.

அப்படியானால் ஆரஞ்சு எங்கிருந்து வந்தது? 1990-ம் வருஷம் அமெரிக்கர் அனுப்பிய மகெல்லன் என்ற விண்கலம் வெள்ளியை அடைந்து, நாலு வருஷம் அதைச் சுற்றி வந்தது. மேகத்தை ஊடுருவிப் போகும் ராடார் அலைகளால் கீழேயுள்ள மலையையும் எரிமலையையும் பள்ளத்தாக்கையும் அளந்து படமாக்கிற்று. ராடாருக்கு மேடு பள்ளம் தெரியும், வழவழப்பும் கரடுமுரடும் தெரியும், நிறம் தெரியாது. இருட்டறையில் ஒரு பாத்திரத்தைத் தடவிப் பார்த்துக் குடமா செம்பா என்று சொல்லிவிடலாம். அதன் நிறத்தைச் சொல்ல முடியுமா? கிடைத்த கறுப்பு வெள்ளைப் படத்துக்கு ஏதாவது ஒரு வர்ணம் கொடுக்க வேண்டுமென்று தேடியபோது, ருஷியர்களின் வெனேரா 13 கைகொடுத்தது. 1982 மார்ச்சு முதல் தேதி அந்தக் கலம் வெள்ளியின் தரையில் இறங்கி, ஈயத்தை உருக்கும் அந்த உஷ்ணத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகவே உயிரோடிருந்து, படம் எடுத்து அனுப்பியது. பாறைகள் ஆரஞ்சாகத் தெரிந்தன. அந்த நிறத்தையே முழுக் கிரகத்துக்கும் பூசிவிட்டார்கள்.

வேடிக்கை அத்தோடு முடியவில்லை. பாறைகள் ஆரஞ்சாகத் தெரிந்ததும் வெளிச்சத்தின் வேலைதான்! அங்கே கனத்த காற்று மண்டலம் சூரிய ஒளியிலுள்ள நீலத்தை வழியிலேயே தடுத்துவிடுகிறது. மஞ்சள் விளக்கின் கீழே வெள்ளை வேஷ்டி மஞ்சளாகத் தெரிவதில்லையா? அதே கல்லை நம் ஊர் வெயிலில் கொண்டுவந்து வைத்தால் சாம்பல் நிறக் கருங்கல்லாகவே இருக்கும் என்பது விஞ்ஞானிகளின் முடிவு. ஆக, சுவர்ப்படத்து ஆரஞ்சு கிரகத்தின் முகத்து நிறமுமல்ல, அதன் கல்லின் நிறமுமல்ல.

இதில் விஞ்ஞானிகள் யாரையும் ஏமாற்றவில்லை என்பதை உடனே சொல்லிவிட வேண்டும். என்ன செய்தோம் என்பதை அவர்கள் எழுதியே வைத்தார்கள். விண்கலத்துக் காமிராக்களில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளையில்தான் பார்க்கின்றன. சிவப்புக் கண்ணாடி, பச்சைக் கண்ணாடி, நீலக் கண்ணாடி என்று ஒவ்வொன்றாக முன்னால் நிறுத்தி எடுத்த தனித்தனிப் படங்களைப் பிறகு பூமியில் ஒன்றாகச் சேர்க்கிறார்கள். நமக்குத் தெற்கே சிவகாசியில் அச்சுக்கூடம் போய்ப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். நீலத்துக்கு ஒரு தகடு, சிவப்புக்கு ஒன்று, மஞ்சளுக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று. நாலும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் காலண்டரில் முருகன் சிரிக்கிறார். எந்த மசியைக் கொஞ்சம் தூக்குவது, எதைக் கொஞ்சம் அடக்குவது என்பது அச்சடிப்பவர் கையில் இருக்கிறது. கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டைய ராஜு (1898–1976) எழுதிய சித்திரங்கள் சிவகாசி வழியாக வீடுதோறும் போய், தமிழ்நாட்டில் பல குடும்பங்களுக்குத் தெய்வத்தின் முகமே அதுதான் என்று ஆகிவிட்டதை நாம் அறிவோம். கிரகங்களுக்கும் அதே கதி நேர்ந்தது; அந்தச் சித்திரக்காரர்களின் பெயர்தான் நமக்குத் தெரியாது.

இதற்கு மிகப் பெரிய சாட்சி நெப்ட்யூன். கரு நீலம் என்றால் நெப்ட்யூன், வெளிர் பச்சை என்றால் யுரேனஸ் என்று நாமே நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்திருக்கிறோம். இரண்டையும் அருகில் போய்ப் பார்த்தது வாயேஜர் 2 ஒன்றுதான். 1986 ஜனவரியில் யுரேனஸ். 1989 ஆகஸ்டில் நெப்ட்யூன். நெப்ட்யூனில் மெல்லிய மேகங்களும் பட்டைகளும் ஒரு பெரிய கரும்புள்ளியும் இருந்தன. அவை எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று படத்தின் நிறத்தை அழுத்திக் கொடுத்தார்கள். அப்போது வெளியிட்ட படத்தின் கீழே, நிறம் கூட்டப்பட்டது என்ற குறிப்பும் இருந்தது. காலக்கிரமத்தில் படம் புத்தகத்துக்குப் புத்தகம் பரவியது. கீழே இருந்த வரி பரவவில்லை.

முப்பத்துநாலு வருஷம் கழித்து, 2024 ஜனவரியில், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துப் பாட்ரிக் இர்வினும் அவருடைய சகாக்களும் இந்தக் கணக்கைத் தீர்த்தார்கள். ஹப்பிள் தொலைநோக்கியும், தென் அமெரிக்காவில் சிலி தேசத்து மலையிலுள்ள பெரிய தொலைநோக்கியும் பிரித்துக் கொடுத்த ஒளியைக் கொண்டு, மனிதக் கண்ணுக்கு அந்தக் கிரகங்கள் எப்படித் தெரியும் என்று கணக்கிட்டார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே நிறம்! வெளிறிய பச்சை கலந்த நீலம். நெப்ட்யூனில் நீலம் ஒரு இழை அதிகம், அவ்வளவுதான். இரண்டிலும் மீதேன் வாயு சூரிய ஒளியின் சிவப்பை விழுங்கிவிடுகிறது. யுரேனஸில் மூட்டப் படலம் தடிப்பாயிருப்பதால் இன்னும் கொஞ்சம் வெளுத்துத் தெரிகிறது. நம் வீட்டுப் பெண்மணிகளுக்குச் சொல்வதானால், பலமுறை துவைத்து வெளுத்த மயில்கழுத்துச் சுங்கடிப் புடைவையின் நிறம் என்று சொல்லலாம். கடைக்கு வந்த அன்றைய மயில்கழுத்து அல்ல.

செவ்வாய்க்கு வருவோம். இதில் நமக்குச் சொந்தப் பெருமையும் உண்டு. 1976 ஜூலை 20-ந் தேதி வைக்கிங் 1 செவ்வாயில் இறங்கியது. அங்கிருந்து வந்த வர்ணப் படத்தை முதலில் வெளியிட்டபோது செவ்வாயின் ஆகாயம் நம் ஊர் ஆகாயம் போல நீலமாக இருந்தது. ஆகாயம் என்றால் நீலம் என்ற பழக்கம் யாரைத்தான் விட்டது? கலத்தின் மேலேயே, நிறங்களைச் சரிபார்க்கவென்று வர்ண அட்டைகள் ஒட்டி அனுப்பியிருந்தார்கள். அவற்றோடு ஒப்பிட்டுத் திருத்தியதில், ஆகாயம் தூசி படிந்த வெளிர் பழுப்பாக மாறிற்று. அங்கே நீலம் வருவது சூரியன் அஸ்தமிக்கும்போதுதான், அதுவும் சூரியனைச் சுற்றிக் கொஞ்சமாக. நமக்கு நேர்மாறு! தரையின் நிறம் இரும்புத் துருவினால் வந்தது. படங்களில் ரத்தச் சிவப்பாகக் காட்டுகிறார்களே, அவ்வளவு சிவப்பில்லை. திருமங்கலத்துக் கரிசல் பூமியை விட்டு மேலூர்ப் பக்கம் போகிறவர்கள் கோடையில் செம்மண் ரோட்டோரத்துச் செடிகளின் மேல் படிந்திருக்கும் பழுப்புத் தூசியைப் பார்த்தால் போதும், கிட்டத்தட்ட அதுதான்.

நம்மவர் அனுப்பிய மங்கள்யான் 2013 நவம்பர் 5-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, 2014 செப்டம்பர் 24-ந் தேதி செவ்வாயைச் சுற்றத் தொடங்கிற்று. ஆமதாபாத்தில் நம் விஞ்ஞானிகள் செய்த ஒன்றேகால் கிலோ எடையுள்ள வர்ணக் காமிரா அதில் இருந்தது. மங்கள்யானின் பாதை மிக நீண்ட வட்டம். ஒரு கோடியில் செவ்வாயிலிருந்து 70,000 கிலோமீட்டருக்கும் அப்பால் போய்விடும். அவ்வளவு தூரம் விலகிப் போனதால் முழுக் கிரகத்தையும் ஒரே படத்தில் அடக்க முடிந்தது. துருவத்தில் வெண்பனியும், நடுவே பழுப்புச் சிவப்பும், ஓரத்தில் மெல்லிய மூட்டமுமாகச் செவ்வாய் முழு உருண்டையாக வந்து நின்ற அந்தப் படங்களைப் பார்த்தபோது நமக்கு உடல் சிலிர்த்தது. 2022-ல் அந்தக் கலத்தோடு தொடர்பு அற்றுப்போயிற்று. படங்கள் இருக்கின்றன. பிறர் பூசி அனுப்பும் செவ்வாயைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதைவிட இந்தச் செவ்வாயைக் காட்டலாமே!

மற்றவற்றை நீட்டுவானேன்? வியாழனின் பட்டைகள் பாலாடையும் வெளிர்ப் பழுப்புமாகச் சாந்தமானவை. ஜூனோ விண்கலத்துப் படங்களில் நீலமும் செங்காவியும் சுழல்வதெல்லாம் விவரம் தெரிவதற்காகக் கூட்டிய நிறங்கள். புதன் சாம்பல் நிறம். சந்திரன், கவிகள் மன்னிப்பார்களாக, பழைய தார் ரோட்டைப் போலக் கறுத்தது. விழும் வெளிச்சத்தில் சுமார் நூற்றில் பன்னிரண்டு பங்கைத்தான் அது திருப்புகிறது. சுற்றிலும் இருட்டாக இருப்பதால் நமக்கு வெள்ளித் தட்டாகத் தெரிகிறது.

சூரியனும் வெள்ளைதான். காற்று மண்டலத்துக்கு வெளியே போனவர்கள் பார்ப்பது வெள்ளைச் சூரியன்; காலையிலும் மாலையிலும் நாம் காணும் சிவப்பு நம்முடைய காற்றும் தூசியும் செய்வது. மேற்கே பழனி மலைத்தொடர்மேல், முன்னாளில் மதுரை ஜில்லாவைச் சேர்ந்திருந்த கோடைக்கானலில், 1899-ல் ஒரு வானிலையம் ஏற்பட்டது. 1904-லிருந்து அங்கே கால்சியம் ஆவி வெளியிடும் ஊதா ஒளி ஒன்றை மட்டும் பிரித்தெடுத்துச் சூரியனைக் கண்ணாடித் தகடுகளில் படம் பிடித்தார்கள். கண்ணாடித் தகடுகள் வெறும் கறுப்பு வெள்ளை. அவற்றிலுள்ள சூரியன் யாரும் கண்ணால் கண்டிராத சூரியன். ஆனாலும் சூரியனின் குணங்களை ஆராய்கிறவர்களுக்கு நூறு வருஷத்துக்கு மேற்பட்ட அந்தச் சேகரம் ஒரு பொக்கிஷம்.

இங்கேதான் நம் கோபத்தைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. பூசிய நிறமெல்லாம் பொய் என்று தள்ளிவிட முடியாது. 2008 அக்டோபரில் நம் சந்திரயான் 1 சந்திரனுக்குப் போயிற்று. அதிலிருந்த அமெரிக்கக் கருவி ஒன்று, சந்திரனின் மண்ணில் நீரின் அடையாளம் இருப்பதைக் கண்டது. 2009-ல் அதை உலகுக்கு அறிவித்தார்கள். அந்தப் படத்தில் நீரின் அடையாளம் தெரியும் இடங்களுக்கு நீல நிறம் கொடுத்திருந்தார்கள். சந்திரனில் நீலம் எங்கே இருக்கிறது? ஆனால் அந்த நீலம் இல்லாவிட்டால் கண்டுபிடித்த விஷயத்தைக் கண்ணுக்கு எப்படிக் காட்டுவது? பூகோளப் படத்தில் ஜில்லாவுக்கு ஒரு வர்ணம் அடிப்பதில்லையா? மதுரையை ரோஜா நிறத்தில் அடித்தார்கள் என்று யாரும் வழக்குப் போடவில்லை. படத்தின் கீழே ஒரு வரி இருந்தால் போதும். அந்த வரியை வெட்டிவிட்டு அச்சடிக்கிறார்களே, அவர்களிடந்தான் நமக்கு வழக்கு. அந்த வரியைத் தேடாமலே இருபது வருஷம் பாடம் நடத்தியவரிடமும்.

அடுத்த வாரம் வகுப்பில் இதையெல்லாம் சொன்னோம். பிள்ளைகளே காகிதத் துண்டுகள் வெட்டி, சுவர்ப்படத்தில் ஒவ்வொரு கிரகத்துக்கும் கீழே ஒரு குறிப்பு எழுதி ஒட்டினார்கள். நெப்ட்யூனுக்குச் சரியான நிறப் பென்சில் யாரிடமும் இல்லை. நீலப் பென்சிலின்மேல் பச்சையைத் தேய்த்து, அதன்மேல் வெள்ளைச் சாக்கட்டியைத் தடவி ஒரு பையன் ஒருவாறு கொண்டுவந்தான். வெள்ளிக்கு எழுதும் பொறுப்பை அந்தப் பெண்ணிடமே விட்டோம். “மேகத்தின் நிறம்: லேசான மஞ்சள் கலந்த வெள்ளை. இந்தப் படம் ராடார் படம், ஆரஞ்சு பிறகு பூசியது” என்று எழுதி ஒட்டினாள். ஒட்டிவிட்டு ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அப்போ நான் விட்டது முழு வெள்ளை. அதுக்காக அரை மார்க்கு குறைப்பீங்களா, ஸார்?”

குறைக்கவில்லை. ஆனால் மார்க்குகள் பதிவேட்டில் ஏறிவிட்டபடியால், திருத்துவதற்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுக்க வேண்டுமென்று சொன்னார்கள். எழுதினோம். ‘காரணம்’ என்ற இடத்தில் “வெள்ளி வெள்ளையாக இருப்பதால்” என்று நிரப்பிக் கையெழுத்திட்டோம். தலைமையாசிரியர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு நம்மைப் பார்த்தார். நாலரை மணிக்கு மாடிக்குப் போய்ப் பார்க்கலாம் என்றோம்.